மூன்று இஞ்ச் ஓஸும் முப்பது மீட்டர் வயரும்

அந்த ஓஸை மிதிக்கச் சொல்லி பிராங்க்ளினிடம் யாரும் கேட்கவில்லை. அது அவனுடைய சொந்த யோசனை.

வாடகைக்கு விடக் கட்டிய வண்டிவீட்டின் கழிவுத் தொட்டியிலிருந்து கிளம்பிய நீல ஓஸ், சக்கரத்தை ஒட்டி வளைகிற இடத்தில், எலியை விழுங்கிய சாரைப்பாம்பு மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. வால்வைத் திறந்து இரண்டு நிமிஷம் ஆகியும் மறுமுனையில் ஒரு சொட்டு வரவில்லை. அந்த மறுமுனையில், மண்ணில் புதைத்திருந்த பிளாஸ்டிக் டேங்கின் வாயருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மச்சினன் டோமினிக் ஏதோ விமானம் இறங்குவதை அறிவிப்பவன் போல அறிவித்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் வரல மாமா."

"பாரு, வரும்."

"வர்ற மாதிரி தெரியல மாமா."

அடைப்பு என்று தீர்மானித்த பிராங்க்ளின், உப்பிய இடத்தில் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தான். அடைப்பு போகவில்லை. தொட்டியின் வாயில் ஓஸை இறுக்கியிருந்த கிளிப்தான் தெறித்துப் போனது. வண்டியைச் சோதித்துப் பார்க்கவென்று மூன்று நாட்களாகக் குடும்பமே மனமுவந்து அளித்த அத்தனையும் பொளேரென்று வெளியே பாய்ந்தது. புத்தியுள்ளவன் வால்வை மூட ஓடியிருப்பான். பிராங்க்ளின் ஓஸைப் பிடிக்க ஓடினான். பிடித்தும் விட்டான். பிடித்த பிறகுதான், பிடித்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

"வால்வு மாமா! வால்வு!"

டோமினிக் ஓடிவந்து வால்வைத் திருகி மூடுவதற்குள், குறைந்தது நாற்பது லிட்டர் கரைச் சரிவில் இறங்கிவிட்டது. கரைக்குக் கீழே வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சடையப்பனின் உப்புப் பாத்திகள். மூன்றாவது பாத்திக்குத் தண்ணீர் விடுகிற மடையைச் சேற்றால்தான் அடைத்திருந்தார்கள். அந்தச் சேற்றின் ஓரத்தில் விரல்கடை அகலத்துக்கு ஓர் இடைவெளி.

பிராங்க்ளின் பார்த்தான். அள்ளிப் போட மண்வெட்டி இல்லை. யோசிக்க நேரமும் இல்லை. நேராக வாய்க்காலில் இறங்கி, மடையின் மேல் உட்கார்ந்தான். பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் சூப்பர்வைசராக நாற்காலி தேய்த்த பின்பகுதி அது. வாழ்க்கையில் முதல்முறையாக அது ஓர் உருப்படியான வேலை செய்தது. டோமினிக் கைகளால் சேற்றை வாரி வாரிப் போட, கால்மணி நேரம் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

கேள்வி ஒன்றுதான். அவன் உட்காருவதற்கு முன்னால் உள்ளே போனதா, இல்லையா?

பாத்தியை எட்டிப் பார்த்தான். விளைந்து முடிந்த பாத்தி. ஒரு சாண் தண்ணீருக்கு அடியில் வெள்ளையாக உப்பு உறைந்து கிடந்தது. மடை ஓரமாக மட்டும் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. சேற்றின் கலங்கலா, மற்றதன் கலங்கலா? மே மாத வெயில் எட்டு மணிக்கே தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. பார்க்கவும் பிடிக்கவில்லை.

உப்பு வாருகிறவர்கள் விடிகாலையிலேயே முதல் இரண்டு பாத்திகளை முடித்துவிட்டு, கஞ்சி குடிக்க ரோட்டோரக் கடைக்குப் போயிருந்தார்கள். மூன்றாவது பாத்தி சாயங்காலம். நாலு மணிக்கு. அதையும் அவர்களே நேற்று சொல்லியிருந்தார்கள்.

"யாரும் பாக்கல மாமா" என்றான் டோமினிக், சேறு வழியும் கைகளோடு.

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். பிராங்க்ளின் மறுபடியும் ரோட்டுப் பக்கம் பார்த்தான்.

*

சடையப்பனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அறுபது வயது, பதினாறு பாத்திகள், ஒரு பழைய மொபெட், வாயில் ஒரே ஒரு சொல். அந்தச் சொல் "பாக்கலாம்".

பட்டறை வேலையை விட்டுவிட்டு பிராங்க்ளின் சொந்தமாகக் கட்டிய வண்டிவீட்டை, வாடகைக்கு விடுவதற்காக, உப்பளத்தைப் பார்த்த மாதிரி இந்தக் கரையில் நிறுத்த ஆசைப்பட்டான். "அண்ணே, இங்க நிறுத்திக்கட்டுமா?" என்று மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்டான். "பாக்கலாம்" என்றார். சரி, வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று நிறுத்தினான். கழிவுக்கு ஒரு டேங்க் புதைக்கட்டுமா என்று கேட்டான், செப்டிக் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும் என்றும் சொன்னான். "பாக்கலாம்." புதைத்தான். கரை மேல் அவருடைய கொட்டாயில் இருக்கிற மீட்டரிலிருந்து கரண்ட் எடுத்துக்கொள்ளவா? "பாக்கலாம் பிராங்கு, பாக்கலாம்." ஒவ்வொரு முறையும் அவர் முகத்தை உற்றுப் பார்த்து, அதில் சம்மதம் மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று தேடுவான். சில நாள் தெரியும். சில நாள் அது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குவதாகவும் இருக்கும்.

மரக்காணம் கடற்கரையில் வேறு எந்த நிலத்துக்காரரும் அந்தப் "பாக்கலாம்" கூடச் சொல்லவில்லை. இந்த இடம் போனால் வண்டி அவன் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். அப்புறம் ஊர் முழுக்க அதைத் 'தள்ளுவண்டி' என்று கூப்பிடும். இப்போதே கூப்பிடுகிறார்கள். பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த அன்று, பாடகர் குழுவில் ஒருத்தர், "பிராங்க்ளின், இட்லி எப்ப போடுவ?" என்று கேட்டார்.

முதல் விருந்தாளிகள் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வருகிறார்கள். சென்னையிலிருந்து திருமுருகன் என்று ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு ஏசி வேண்டும். கக்கூஸ் வேண்டும். இரண்டும் இப்போது இல்லை. நாலு மணிக்கு உப்பு வாருவார்கள், ஐந்து மணிக்கு விருந்தாளி வருவார்கள். இடையில் பிராங்க்ளின்.

"சடையப்பன் அண்ணங்கிட்ட சொல்லிடலாமாடா?"

"சொன்னா இன்னா நடக்கும்?"

"வண்டிய எடுன்னுவாரு."

"சொல்லலன்னா?"

பிராங்க்ளின் மூன்றாவது பாத்தியைப் பார்த்தான்.

"மாமா, நா சொல்றத கேளு. உப்புத் தண்ணி இன்னா பண்ணும்? எல்லாக் கிருமியையும் கொன்னுடும். கருவாட்டுக்கு ஏன் உப்பு போடறோம்? அதுக்குத்தான். அது உள்ள போயிருந்தாலும் இந்நேரம் செத்திருக்கும்."

"கருவாட்டுல யாராவது கக்கூஸ் தண்ணி ஊத்தி உப்பு போடறாங்களாடா?"

"ஒரு பேச்சுக்கு சொன்னேன்."

"உன் பேச்சக் கேட்டுத்தான் இந்த ஓஸ மாட்டுனேன்."

அது உண்மை. கடல் தண்ணியைப் பாத்திக்கு இறைக்கிற என்ஜினுக்கு மாட்டுகிற ஓஸ் அது. என்ஜின் ஓடும்போது உள்ளே அழுத்தத்தில் குண்டாக நிமிரும், ஓடாதபோது துணி மாதிரி தட்டையாகப் படுத்துக்கொள்ளும். ஊரில் எல்லாரிடமும் இருக்கிறது, டோமினிக் இரவல் வாங்கி வந்திருந்தான். அதைத் தள்ளுவதற்கு இங்கே என்ஜின் இல்லை, வெறும் புவியீர்ப்புதான் இருக்கிறது என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அதோடு டோமினிக் கொண்டுவந்த இன்னொரு இரவல், மாதா கோயில் திருவிழாவுக்குச் சீரியல் லைட்டு கட்டுகிற வயர், ஒரு கட்டு. வண்டிக்குக் கரண்ட் இழுக்க அதைத்தான் வைத்திருந்தார்கள். "நூறு மீட்டர் மாமா, ஓசி" என்று பெருமையாகச் சொல்லியிருந்தான்.

புது ஓஸ் வாங்கக் கிளம்பும்போது, கஞ்சி குடித்துவிட்டு அம்சவல்லி மட்டும் முன்னால் வந்துகொண்டிருந்தாள். வாருகிறவர்களுக்குத் தலைவி மாதிரி. நாற்பது வயது இருக்கும். சேற்றில் ஊறிய இவர்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா வண்டிக்காரரே, உப்பு வார வந்துட்டீங்களா எங்களோட?"

"இல்ல அம்சவல்லி, சும்மா... வழுக்கிட்டேன்."

"ரெண்டு பேருமா?"

"இவன் என்னைத் தூக்க வந்தான்."

அவள் சிரித்துக்கொண்டே பாத்திப் பக்கம் போனாள். மூன்றாவது பாத்தியில் செருப்பில்லாமல் இறங்கி, உறைந்த உப்பைக் காலால் மிதித்து உடைக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் வாருவதற்கு லேசாக இருக்க வேண்டும் என்று அப்படிச் செய்வார்கள். பிராங்க்ளின் வாயைத் திறந்தான். திறந்த வாயால், "டோமினிக், பைக்க எடு" என்றான்.

*

வீட்டுக்குப் போய்ச் சேற்றைக் கழுவி, பணம் புரட்டிக் கிளம்பவே மதியம் ஆகிவிட்டது. குயிலாப்பாளையத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த மலர்கொடியிடம் வெளிநாட்டுக்காரர்கள் கட்டிய விடுதிகளுக்கெல்லாம் குழாய் வாங்குவார்கள். அவளிடம் இல்லாத சாமான் இல்லை என்று டோமினிக் சொன்னான். அவளிடம் இல்லாத கேள்வியும் இல்லை என்று சொல்ல மறந்துவிட்டான்.

"எத்தினி மீட்டர் வேணும்?"

"வயரா, ஓஸா?"

"மொதல்ல வயரு."

"மரக்காணம் உப்பளத்துல, கொட்டாயிலேர்ந்து என் வண்டிவீட்டுக்கு முப்பது மீட்டர்."

"வண்டியில இன்னா இன்னா ஓடுது?"

பிராங்க்ளின் சொன்னான். ஒரு டன் ஏசி, சின்ன பிரிட்ஜ், டீ போடுகிற கெட்டில், குளிக்க வாட்டர் ஹீட்டர், லைட்டு நாலு. டோமினிக் தன் மாதா கோயில் வயரைப் பைக்கிலிருந்து அவிழ்த்து, மேசை மேல் வைத்து, "இதுவே போதும்ல அக்கா? ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றான்.

மலர்கொடி அதை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"இது சீரியல் லைட்டுக்கு. இதுல ஏசி போட்டா வயரே சீரியல் லைட்டாட்டம் எரியும்."

"மெதுவா ஓட்டுனா?"

"ஏசியை எப்படித் தம்பி மெதுவா ஓட்டுவ?"

அவள் மூன்று வயர்களை எடுத்துப் போட்டாள். ஒன்று மெல்லிசு, ஒன்று நடுத்தரம், ஒன்று கட்டைவிரல் தடிமன். விலை முறையே மெல்லிசு, நடுத்தரம், மாரடைப்பு. ஹீட்டரோடு சேர்த்து இழுக்க வேண்டும் என்றால் தடிமனானதுதான் வேண்டும், இல்லையென்றால் நடுத்தரமே தாங்கும் என்றாள்.

"ஹீட்டர் எதுக்கு? மே மாசத்துல மரக்காணத்துல எவன் சுடுதண்ணில குளிப்பான்? உங்க மேல்தொட்டித் தண்ணியே முட்டை வேகவைக்கும். ஹீட்டர கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

"சரிங்க."

"ரெண்டு கம்பி இல்ல, மூணு கம்பி. எர்த்து கட்டாயம். உங்க வண்டி தகரம்தான?"

"அலுமினியம்."

"கீழ உப்பு நிலம், ஈரக்கால். எர்த்து இல்லாம கரண்ட் கசிஞ்சா, கதவப் புடிக்கிறவன் புடிச்சபடி நிப்பான். ஷாக் அடிச்சா உடனே தட்டுற பிரேக்கர் ஒண்ணு கொட்டாயில மாட்டுங்க. நடுவுல ஒட்டு போடாதீங்க. மிச்ச வயர சுருட்டி வச்சுக்கிட்டு ஓட்டாதீங்க, சுருட்டுனா சூடாகும், முழுசா அவுத்து விடுங்க. பிளக்கு மழ வெயில் தாங்கறது, மூடி போட்டது. இப்ப ஓஸு."

பிராங்க்ளினுக்கு நிம்மதியாக இருந்தது. இப்படி ஒருத்தி ஊரில் இருந்திருந்தால் அவன் பாதி வாழ்க்கையைத் திருத்தியிருப்பான். அவள் கேட்டாள்:

"பழைய ஓஸுல இன்னா பிரச்சனை?"

"கொஞ்சம் கசிஞ்சுதுங்க."

"கசிஞ்சுதா, கழண்டுதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே..."

"ரெண்டும் ஒண்ணா? கசிஞ்சா வாஷரு மாத்தணும். கழண்டா கப்ளிங்கே மாத்தணும். அடைச்சுக்கிட்டு கழண்டுச்சுன்னா ஓஸே மாத்தணும். நீங்க எதுன்னு சொன்னாத்தான நா எடுத்துக் குடுக்க முடியும்?"

பிராங்க்ளின் டோமினிக்கைப் பார்த்தான். டோமினிக் சுவரில் தொங்கிய துடைப்பங்களைப் பார்த்தான்.

"அடைச்சுக்கிட்டு கழண்டுச்சு."

"எங்க கொட்டுச்சு?"

"தரையில."

"எந்தத் தரையில? உப்பளத்துலதான வண்டி நிக்குதுன்னீங்க?"

கடையில் மின்விசிறி ஓடியது. அதற்குச் சரியான வயர் போட்டிருப்பாள் போலிருக்கிறது, சீராக ஓடியது.

"கரை மேல" என்றான் பிராங்க்ளின். "கரையில மட்டும்."

மலர்கொடி அவனையே பார்த்தாள். அப்புறம் உள்ளே போய் ஒரு ஓஸை இழுத்து வந்தாள். மூன்று இஞ்ச் வட்டம், கண்ணாடி மாதிரி, சுற்றிலும் வெள்ளைச் சுருள் பதித்தது. செப்டிக் லாரிக்காரர்கள் போடுவது. மிதித்தாலும் தட்டையாகாது என்று சொல்லி, நடுவில் தன் செருப்புக் காலை வைத்து ஏறி நின்றும் காட்டினாள். முனைகளுக்கு, காது மாதிரி இரண்டு கொக்கிகள் உள்ள கப்ளிங். கொக்கியை மடக்கினால் பூட்டிக்கொள்ளும், தெறிக்காது. ஓஸ் நடுவில் எங்கும் பள்ளமாகத் தொங்கக்கூடாது, கல் அடுக்கி ஒரே சரிவாகப் படுக்க வைக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, பில் போட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"நாங்க வீட்டுக்கு மரக்காணத்து உப்புதான் வாங்கறோம். ரோட்டோரத்துல மூட்டையா போட்டு விப்பாங்க பாருங்க. மாமியாருக்கு பாக்கெட் உப்பு புடிக்காது."

பிராங்க்ளின் ஓஸைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். அது கனமாக இருந்தது.

*

திரும்பும் வழியில் திருமுருகன் போன் செய்தார். பைக்கை ஓரமாக நிறுத்தி எடுத்தான்.

"சார், பாத்ரூம் வெஸ்டர்ன்தானே?"

"வெஸ்டர்ன்தான் சார்."

"ஒர்க் ஆகுதுல்ல?"

"காலையில கூட... நல்லா ஓடிச்சு சார்."

பின்னால் உட்கார்ந்திருந்த டோமினிக் தும்முவது போல ஒரு சத்தம் போட்டான்.

"வியூ எப்படி சார்? பசங்க உப்பளம் பாக்கணும்னு குதிக்கிறாங்க. உப்பு எடுத்து டேஸ்ட் பண்ணலாமா?"

பிராங்க்ளின் டோமினிக்கைத் திரும்பிப் பார்த்தான். "பாக்கலாம் சார்" என்றான்.

போனை வைத்த பிறகு, தான் சொன்ன சொல் தன் காதிலேயே இடித்தது. சடையப்பனும் இப்படித்தான் சொல்லியிருப்பாரோ? சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவருக்கும் வாய்க்குள் இருந்திருக்குமோ? மூன்று மாதமாக அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோமே?

"மாமா, மணி மூணு ஆவப்போவுது" என்றான் டோமினிக்.

மூன்றே காலுக்கு வந்து சேர்ந்தார்கள். வெயில் கரை மேல் நெருப்பாகக் கிடந்தது. பாத்திகளில் யாரும் இல்லை. இருவரும் வேலையில் இறங்கினார்கள். கொட்டாயில் பிரேக்கரை மாட்டி, வயரைக் கரையோரமாக முழுக்க அவிழ்த்துவிட்டு, மூடி போட்ட பிளக்கைச் சொருகினார்கள். எர்த்துக் கம்பியைத் தனியாக இழுத்துப் பார்த்தான் பிராங்க்ளின். இரண்டாம் தடவையும் இழுத்துப் பார்த்தான். ஏசியைப் போட்டதும் ஒரு செருமல், அப்புறம் சில்லென்று காற்று. வயரைத் தொட்டான். சூடே இல்லை.

ஓஸுக்குச் செங்கல் அடுக்கி, கொக்கிகளை மடக்கிப் பூட்டி, வால்வைத் திறந்தான். இந்த முறை பாதி மட்டும். கண்ணாடி ஓஸுக்குள் எல்லாம் ஒழுங்காக, அடக்கமாக, டேங்கை நோக்கிப் போனது. பார்க்க அழகாக இல்லை. ஆனால் இருவரும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"சூப்பர் மாமா" என்றான் டோமினிக். "முடிஞ்சுது. இனிமே ஒரு பிரச்சனையும் இல்ல. வாயத் திறக்காம இருந்தா போதும்."

அதுதான் உண்மையில் கஷ்டமாக இருந்தது. எதுவும் வேலை செய்யாமல் போயிருந்தால் சொல்வது சுலபம். எல்லாம் போச்சு, இதுவும் போகட்டும் என்று சொல்லிவிடலாம். இப்போது ஏசி ஓடுகிறது, கக்கூஸ் ஓடுகிறது, படுக்கையில் மனைவி மெர்லின் துவைத்துப் போட்ட புது விரிப்பு. இன்னும் ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் அவன் ஒரு தொழிலதிபர்.

ஐந்து பெண்கள் உப்பு வாரும் பலகைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரோட்டிலிருந்து இறங்கினார்கள். முன்னால் அம்சவல்லி. அவர்களுக்குப் பின்னால் மொபெட்டின் சத்தம். சடையப்பன் அதைக் கரையடியில் சாய்த்துவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். வண்டியைப் பார்த்தார். புது வயரைப் பார்த்தார்.

"அண்ணே, வந்தீங்களா?"

"ம்."

"இன்னிக்கு மூணாவது பாத்தியாண்ணே?"

"ம். லாரி வருது. வாருனத அப்படியே ஏத்திடணும்."

அப்படியே. குவித்துக் காயப்போட்டு நாலு நாள் வைப்பார்கள், அதற்குள் யோசித்துக்கொள்ளலாம் என்று பிராங்க்ளின் வழியில் ஒரு சின்னக் கணக்குப் போட்டு வைத்திருந்தான். அது இரண்டு வார்த்தையில் கலைந்தது.

அம்சவல்லி வரப்பில் நின்று சேலையை இழுத்துச் சொருகினாள். மூன்றாவது பாத்தியில் இறங்கினாள். நீளக் கம்பை இரண்டு கைகளாலும் பிடித்து, பலகையைத் தண்ணீரில் இறக்கி, மடை ஓரத்திலிருந்து முதல் இழுப்பை இழுத்தாள். வெள்ளையாக உப்பு எழுந்து வந்தது. சுத்தமாக, பளிச்சென்று, ஒரு குறையும் சொல்ல முடியாத உப்பு.

"வாராதீங்க!"

தன் குரல்தான் என்று பிராங்க்ளினுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. கரையிலிருந்து சரிந்து இறங்கி, வாய்க்காலைத் தாண்டி, வரப்பில் போய் நின்றான்.

"வாராதீங்க அம்சவல்லி. அதுல... காலையில என் ஓஸு கழண்டுடுச்சு. கக்கூஸ் ஓஸு. நாந்தான் மிதிச்சேன். வாய்க்கால்ல இறங்கி இந்த மடைக்கு வந்துடுச்சு. அடைச்சேன். ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் உள்ள போயிருக்கும். போச்சா இல்லையான்னு தெரியல. போயிருக்கும்."

பலகையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்சவல்லி தண்ணீரைப் பார்த்தாள். அப்புறம், தண்ணீருக்குள் இருந்த தன் கால்களைப் பார்த்தாள். உப்பில் நின்று நின்று குதிகாலெல்லாம் வெடித்த கால்கள்.

"காலையில கஞ்சி குடிச்சிட்டு வந்து ஒரு மணி நேரம் இதுலதான்யா மிதிச்சிட்டிருந்தேன்" என்றாள். குரல் ஏறவில்லை. "நீ பாத்துட்டுத்தான போன?"

"ஆமாங்க."

"வழுக்கிட்டேன்னு சொன்ன."

"ஆமாங்க."

"எங்கிட்ட சொல்லியிருந்தா அந்தப் பக்கத்து பாத்திய மிதிச்சிருப்பேன். அவ்ளோதான? அதுக்குக் கூட வாய் வரலியா உனக்கு? ஊருக்கெல்லாம் ஏசி போட்டு வீடு கட்டிக் குடுக்கற, ஒரு வார்த்தை சொல்ல ஏசி வேணுமா?"

அவள் பாத்தியிலிருந்து ஏறி, கொட்டாயிலிருந்த நல்ல தண்ணீர்க் குடத்தை நோக்கி நடந்தாள். மற்ற நாலு பெண்களும் வரப்பிலேயே பலகைகளை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். டோமினிக் குடத்தைத் தூக்கி அவள் காலில் ஊற்ற ஓடினான். அவனைத் திட்டினாள், ஆனாலும் காலை நீட்டினாள்.

சடையப்பன் மடைப் பக்கம் குனிந்திருந்தார். பாத்தியின் மூலையில் கையை விட்டு ஒரு பிடி உப்பை அள்ளினார். மூக்கருகே கொண்டுபோனார். கையை விரித்து அதைத் தண்ணீரிலேயே விழவிட்டார். வாய்க்கால் கரையில் நடந்து, சேற்றைக் காலால் கிளறிப் பார்த்தார். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பிராங்க்ளினுக்கு மாதா கோயிலில் ஒரு நற்கருணை ஆராதனை முடிகிற நேரம் மாதிரி இருந்தது.

"அண்ணே, திட்டுங்கண்ணே."

அவர் துண்டை மடித்தார்.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. திருமுருகன். எடுத்தான்.

"சார், மரக்காணம் பஸ் ஸ்டாண்ட் தாண்டிட்டோம். லெஃப்டா, ரைட்டா?"

பின்னால் குழந்தைகளின் கூச்சல் கேட்டது. பிராங்க்ளின் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டான்.

"அண்ணே, அவங்க வந்துட்டாங்க. பஸ் ஸ்டாண்ட் தாண்டிட்டாங்க. வரச் சொல்லவா, திரும்பிப் போகச் சொல்லவா? இந்த வண்டி இங்க நிக்கலாமா, நிக்கக் கூடாதா? பாக்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்கண்ணே. எதுவானாலும் ஒரே வார்த்தையா சொல்லிடுங்க."

சடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். மூன்று மாதத்தில் முதல்முறையாக அவன் கண்ணை நேராகப் பார்த்தார்.

"கூடாது" என்றார். "மொத நாள்லேர்ந்தே எனக்கு இஷ்டமில்ல பிராங்கு. சொல்ல வாய் வரல. அது என் தப்பு. புள்ளைங்களோட வர்றாங்க, இன்னிக்கு ஒரு நாள் தங்கட்டும், அவங்களப் பாத்திப் பக்கம் மட்டும் விடாத. நாளைக்கு அவங்க கெளம்புனதும் வண்டி என் கரைல நிக்கக் கூடாது. இந்தப் பாத்திய வெட்டி தண்ணிய வெளிய விட்டு, சேத்த வழிச்சு, புதுசா தண்ணி கட்டற வரைக்கும் தினம் காலையில அஞ்சு மணிக்கு நீ வந்து அம்சவல்லி சொல்ற வேலையைச் செய்யணும். இப்ப போன எடு, அவங்கள லெஃப்டுல திரும்பச் சொல்லு."